சூறைக்காற்றில் படுகாயமடைந்த கால்நடைகள்: எதைக் காப்பாற்றலாம், எதை விடுவிப்பது நல்லது?

கொட்டாம்பட்டித் தொழுவம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோடை மழையோடு வந்த சூறைக்காற்று எங்கள் பகுதியில் சிறிது நேரமே அடித்து ஓய்ந்தது என்றாலும், தொழுவங்களின் தகரக் கூரைகளைப் பெயர்த்து வயல்வெளியில் வீசிவிட்டுப் போயிருக்கிறது. எங்கள் கறவை மாடு ஒன்றுக்குப் பின்தொடையில் தகரம் வெட்டி, உள்ளே சதை தெரியும் அளவுக்குப் பிளந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துச் சினைக்கிடாரியின் இடுப்பின்மேல் புளியமரத்துக் கிளை விழுந்தது. கிளையை அறுத்து எடுத்த பிறகும் அது பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் கிடக்கிறது. வெள்ளாடுகளில் சிலவற்றுக்குக் கால் முறிந்திருக்கிறது. சாலையில் மரங்கள் சாய்ந்து கிடப்பதால் கால்நடை உதவி மருத்துவர் வந்து சேர நேரமாகும் என்கிறார்கள்.

நான் கேட்க விரும்புவது இரண்டு. மருத்துவர் வரும்வரை நாங்களே செய்யக்கூடியது என்ன, செய்யவே கூடாதது என்ன? ஒரு மாடு இனிப் பிழைக்காது என்பதை எப்படி, யார் முடிவு செய்வது? காற்று அடங்கிய கையோடு வியாபாரிகள் கைபேசியில் அழைத்து, கிடக்கிற மாட்டைக் கிடந்த நிலையிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் கண்ணீரோடு இருக்கும்போது அந்தப் பேச்சைக் கேட்கவே மனம் ஒப்பவில்லை.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், திருமங்கலம் எழுதியது:

தம்பி, முதலில் மாட்டை விட்டுவிட்டு மேலே பாருங்கள். தொழுவத்தைச் சுற்றி மின்கம்பி அறுந்து தொங்குகிறதா, ஈரத் தரையில் கிடக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாமல் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. கம்பியோடு சேர்ந்து விழுந்து கிடக்கிற மாட்டைத் தொட்டவரும் அதனோடு போய்ச் சேர்ந்த சம்பவங்கள் நம் பக்கத்துக் கிராமங்களுக்குப் புதிதல்ல. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 9498794987 என்ற எண்ணில் சொல்லி, மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிட்டது என்று தெரிந்த பிறகே நெருங்க வேண்டும். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு போகும் நாளில், எத்தனை மாடு, எந்த இடத்தில் என்ன காயம், கிடக்கிறதா நிற்கிறதா என்பதைத் தெளிவாகச் சொன்னால் அவர்கள் முன்பின் வரிசை அமைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

அடுத்து, எந்த விலங்கை முதலில் பார்ப்பது என்பது. கதறுகிற மாட்டிடம்தான் எல்லோரும் ஓடுவார்கள். கதறுவதற்குத் தெம்பு இருக்கிற மாட்டுக்குப் பெரும்பாலும் இன்னும் சற்று நேரம் இருக்கிறது; ஓரமாகத் தலையைத் தொங்கவிட்டு ஒலியே எழுப்பாமல் நிற்பதுதான் உள்ளுக்குள் இரத்தம் இழந்துகொண்டிருக்கலாம். அதன் கீழுதட்டைப் பிரித்து ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடத்தில் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதமானாலோ, ஈறும் இமையின் உட்புறமும் வெளுத்து, காது சில்லிட்டிருந்தாலோ அதுவே முதலில் பார்க்க வேண்டிய விலங்கு.

உங்கள் கறவையின் தொடைக் காயத்தில் இரத்தம் பீறிட்டு வந்தால், சுத்தமான வேட்டித் துணியை நன்றாக மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா என்று இடையிடையே துணியைத் தூக்கிப் பார்க்காமல் பத்து, பதினைந்து நிமிடம் தொடர்ந்து அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். காப்பித்தூள், சாம்பல், சுண்ணாம்பு, சாணம் எதையும் அப்ப வேண்டாம். பிறகு அவற்றைக் கழுவி எடுப்பதற்குள் மாடு படுகிற பாடு பெரிது. கட்டையோ கம்பியோ உடம்பில் குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது. உள்ளே அறுபட்ட குழாயை அதுவே அடைத்துக்கொண்டிருக்கலாம். வெளியே நீண்டிருப்பதை மட்டும் அசையாமல் அறுத்துக் குட்டையாக்கி, சுற்றிலும் துணி வைத்துக் கட்டிவிட்டு மருத்துவருக்குக் காத்திருங்கள். விலாவில் ஓட்டை விழுந்து மூச்சு உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், சுத்தமான பாலித்தீன் தாளை அதன்மேல் வைத்து உடம்பைச் சுற்றிக் கட்டுங்கள். குடல் வெளியே சரிந்திருந்தால் உள்ளே தள்ள முயலாமல், கொதிக்க வைத்து ஆற்றிய உப்பு நீரில் நனைத்த துணியால் தாங்கிப் பிடித்து மூடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிற மாட்டின் வாயில் கஞ்சியோ கருப்பட்டித் தண்ணீரோ ஊற்றாதீர்கள். தெம்பு வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் ஊற்றியது நுரையீரலுக்குள் போய், காயத்தில் பிழைத்திருக்க வேண்டிய மாடு மூச்சுத் திணறி இறந்ததை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

கிடைமாட்டுக்காரர் மகன் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு கிடை மாடுகளைப் பற்றியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்களிடம் இருப்பவை புலிக்குளம் மாடுகள். தொழுவம் கிடையாது, அறுவடையான வயல்களில் கிடை போட்டு ஊர் ஊராக நகர்வோம். கூரை விழும் ஆபத்து எங்களுக்கு இல்லை, மிரட்சிதான் ஆபத்து. இடியும் காற்றும் சேர்ந்து வந்தால் மந்தை முழுவதும் ஒரே பக்கமாகப் பாய்ந்து, முள்கம்பி வேலியிலும் தோண்டிப் போட்ட கிணற்றிலும் விழும். அந்தக் காயங்கள் பார்வைக்குக் கீறல் போலத் தெரிந்தாலும், கம்பி தோலுக்கு அடியில் நீளமாகக் கிழித்துப் பையாக்கி இருக்கும். மேலே மருந்து தடவி விட்டுவிட்டால் சில நாளில் அந்தப் பைக்குள் சீழ் கோத்துக்கொள்ளும்.

மனிதருக்குப் பழகாத மாடு காயத்தோடு இருக்கும்போது, அதன் காயத்தைக் காட்டிலும் அதைப் பிடிக்கிற முயற்சியே அதைக் கொன்றுவிடக்கூடும். காற்று ஓய்ந்தவுடன் துரத்திக் கயிறு போடக் கூடாது. மந்தையில் பழகிய மாடு இரண்டைக் கூட்டிவந்து அதன் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர் காட்டி, மூச்சு சீரானதும் பிடிக்க வேண்டும். எங்கள் பெரியப்பா அந்த நேரத்தில் பேசவே மாட்டார். வழக்கமாக மேய்ச்சலில் கொடுக்கும் அதே குரலை மட்டும் மெதுவாகக் கொடுத்துக்கொண்டே சுற்றி வருவார், மாடுகள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பும்.

தேனி கால்நடை மருத்துவ மாணவி எழுதியது:

நம் பக்கத்துச் சூறைக்காற்றும் அமெரிக்கச் சமவெளிகளில் அடிக்கும் டொர்னாடோவும் ஒன்றல்ல. டொர்னாடோவின் வேகம் பல மடங்கு பெரியது. ஆனால் காயத்தின் தன்மையில் இரண்டுக்கும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. காற்று மண்ணையும் மரச்சிராயையும் தகரத் துகளையும் சதைக்குள் ஆழமாகச் செலுத்திவிடுகிறது. 2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரை டொர்னாடோ தாக்கியபோது, காயமடைந்த மனிதர்களில் 13 பேருக்கு மண்ணில் வாழும் பூஞ்சை காயத்திற்குள் புகுந்து சதையை அழுகச் செய்தது. அவர்களில் 5 பேர் இறந்தார்கள். மருத்துவமனை வசதி இருந்த மனிதர்களுக்கே அப்படியென்றால், சாணமும் சேறும் நிறைந்த தொழுவத்துத் தரையில் கிடக்கிற மாட்டின் காயத்தை நாம் எவ்வளவு கவனமாகக் கழுவ வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கழுவுவதற்கு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு போதும். குடம் குடமாக ஊற்றிக் கழுவினாலும் தவறில்லை. மருந்துப் புட்டியில் வருகிற போவிடோன் அயோடினை அப்படியே ஊற்றாமல், பால் சேர்க்காத வெளிர்ந்த தேநீரின் நிறம் வரும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள்; கெட்டியாக ஊற்றினால் ஆறவேண்டிய தசையையும் அது கருக்கிவிடும். பல மணி நேரமாகிவிட்ட, அழுக்கேறிய காயத்தைத் தைத்து மூடச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். திறந்து வைத்துத் தினமும் கழுவி ஆற விடுவதுதான் பல நேரங்களில் சரியான வைத்தியம். ஈ மொய்க்காமல் காயத்தைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம். வெள்ளாட்டுக்கும் குதிரைக்கும் இரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும் என்பதால் தடுப்பூசி பற்றி மறவாமல் கேளுங்கள்.

வலி மருந்து பற்றி ஒரு வேண்டுகோள். மனிதருக்கு எழுதிக் கொடுத்த டைக்ளோஃபினாக் ஊசி வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று மாட்டுக்குப் போடும் வழக்கம் இன்னும் முழுவதுமாக ஒழியவில்லை. கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக மடிந்ததுதான் காரணம். கீட்டோப்ரொஃபனும் அசிக்ளோஃபினாக்கும் 2023 இல் அதே பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுகளுக்குத் தீங்கற்றது, மாட்டின் வலியையும் நன்றாகக் குறைப்பது. அளவை மருத்துவர் சொல்வார்.

மேலூர் வாசகர் எழுதியது:

இவ்வளவும் பயனுள்ள செய்திகள்தாம். ஆனால் இந்த இழையின் தலைப்பில் இருக்கிற ‘விடுவிப்பது’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, நெற்றியில் பொட்டு வைத்து, முதல் கவளத்தை ஊட்டிய மாட்டுக்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுங்கள் என்று சொல்வது எப்படிக் கருணை ஆகும்? எங்கள் வீட்டிலேயே கன்று ஈன்ற பின் எழ முடியாமல் கிடந்த பசுவை, மணல் பரப்பி, வைக்கோல் மெத்தை போட்டு, வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்துப் புரட்டிப் போட்டு எழுப்பி நடக்க வைத்திருக்கிறோம். எழாது என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு அதை எடுக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், திருமங்கலம் எழுதியது:

ஐயா, உங்கள் வீட்டார் செய்தது மிகப் பெரிய பணிவிடை. அப்படிக் கிடக்கிற மாட்டுக்கு நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கன்று ஈன்றதும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து படுக்கிற மாடும், இடுப்பெலும்பு நொறுங்கிப் படுக்கிற மாடும் பார்வைக்கு ஒன்றுபோலவே கிடக்கும். முன்னதற்கு நரம்பில் கால்சியம் ஏற்றினால், ஏற்றிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். பின்னதை எத்தனை ஆட்கள் தூக்கினாலும் நிற்க வைக்க முடியாது. எழும் எழாது என்பதை வேண்டுதலுக்கு விட்டுவிடாமல், கையால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது.

கிடாரியின் பின்னங்கால் குளம்புகளுக்கு இடையிலுள்ள தோலை அழுத்தமாகக் கிள்ளிப் பாருங்கள். காலை இழுத்துக்கொண்டு தலையையும் திருப்பிப் பார்த்தால் நரம்பு வேலை செய்கிறது, நம்பிக்கை உண்டு. கால் தானாகச் சுண்டி இழுபட்டாலும் முகத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால், செய்தி முதுகுத்தண்டைத் தாண்டி மூளைக்குப் போகவில்லை என்று பொருள். வாலைத் தூக்கி விடுங்கள். பிணைப்பே இல்லாமல் தொய்ந்து விழுந்து, சாணமும் மூத்திரமும் அதன் கட்டுப்பாடு இல்லாமல் கசிந்தால் நிலைமை மோசம். மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கைவிட்டு இடுப்பு வளையத்தைத் தடவிப் பார்ப்பார். எலும்பு நொறுங்கியிருந்தால் கையில் நறநறவென்று உணர முடியும். சினையின் நிலையையும் அப்போதே சொல்லிவிடுவார்.

நம்பிக்கை இருக்கிற மாட்டுக்கு உழைப்பு நிறைய வேண்டும். பல நூறு கிலோ எடை கடினத் தரையில் ஒரே தொடைமேல் அழுந்திக் கிடந்தால், ஆறேழு மணி நேரத்திலேயே அந்தத் தசை இரத்த ஓட்டமில்லாமல் சாகத் தொடங்கும். காற்றில் தப்பிய காலைத் தரை கெடுத்துவிடும். ஆகவே மணலும் வைக்கோலும் கனமாகப் பரப்பி, நெஞ்சுமேல் நிமிர்ந்து உட்காரும்படி இருபுறமும் வைக்கோல் கட்டுகளை அண்டை கொடுத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், மறுபக்கம் புரட்ட வேண்டும். இடம் மாற்றும்போது கழுத்துக் கயிற்றையோ வாலையோ பிடித்து இழுக்காமல், தார்ப்பாயிலோ பழைய கதவிலோ உருட்டி ஏற்றி இழுங்கள்.

நம்பிக்கை இல்லாத மாட்டுக்கு என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படுக்கைப் புண்ணில் எலும்பு தெரியும், புழு வைக்கும், வயிறு உப்பும், காகம் கண்ணைக் கொத்த வரும். அது வாரக்கணக்கில் நீளும், முடிவு மட்டும் மாறாது. அந்த வாரங்களை நம் மன ஆறுதலுக்காக அந்த மாட்டின் தலையில் ஏற்றுகிறோமோ என்பதுதான் என் கேள்வி. மருத்துவர் செய்வது முதலில் ஆழ்ந்த மயக்கம் கொடுத்து, அந்த மயக்கத்திலேயே உயிர் பிரியச் செய்வது. வீட்டுக்காரர் அருகில் இருந்து கழுத்தைத் தடவிக்கொடுக்கலாம். நான் இருக்கச் சொல்வேன், பழகிய கைக்கு மாடு அமைதியாகும். முடிவை வீட்டுக்காரரும் மருத்துவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும், ஆனால் எடுக்க வேண்டிய முடிவைத் தள்ளிப்போடக் கூடாது.

மேலூர் வாசகர் எழுதியது:

ஐயா, நீங்கள் இவ்வளவு விளக்கிய பிறகும் என் மனம் முழுவதுமாக ஒப்பவில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கிள்ளிப் பார்க்கிற சோதனையை அறியாமல் வெறும் நம்பிக்கையில் மாதக்கணக்கில் கிடத்தி வைப்பது வேதனையை நீட்டிப்பதாகும் என்பதை ஏற்கிறேன். கொல்ல மனமில்லாதவர்கள் குறைந்தது வலி மருந்தையாவது கடைசிவரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும்.

உசிலம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

வியாபாரிகளைப் பற்றித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கு இந்த இழையிலேயே மிகவும் உறுத்துவது அதுதான். இடுப்பு முறிந்த மாட்டைக் கயிறு கட்டி இழுத்துக் குட்டியானை வண்டியில் ஏற்றி, குலுங்கக் குலுங்க எங்கோ கொண்டுபோவதைக் கருணைக் கொலையைவிட மென்மையான ஏற்பாடு என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள்; கண்ணுக்கு மறைவாக நடப்பதால் அப்படித் தோன்றுகிறது. பயணத்திற்குத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சான்று தராத மாட்டை வண்டியில் கொண்டுசெல்வதை 1978 ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் அனுமதிப்பதில்லை. எழ முடியாத மாட்டுக்கு எந்த மருத்துவரும் அப்படிச் சான்று தர முடியாது. இறைச்சிக்கென்று விற்பதற்கும் தமிழ்நாட்டில் 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதன்படியும் உரிய அதிகாரியின் சான்று வேண்டும்.

உரிமையாளர் இல்லாமலோ சம்மதிக்காமலோ, சாலையோரத்தில் ஒரு விலங்கு துடித்துக் கிடந்தால் என்ன செய்வது என்பதற்கு 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு வழி சொல்கிறது. காவலர் நிலைக்கு மேற்பட்ட காவல் அலுவலர் அப்பகுதிக் கால்நடை மருத்துவரை வரவழைத்து, இதை உயிரோடு வைத்திருப்பது கொடுமை என்று அவர் சான்றளித்தால், நீதித்துறை நடுவரின் ஆணை பெற்று முடிவு கட்டலாம். ஊரார் கூடி அரிவாளாலோ கல்லாலோ ‘வேதனையைத் தீர்ப்பதற்கு’ அதில் இடமில்லை.

நிவாரணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேரிடரில் இறந்த கறவைப் பசு, எருமைக்கு 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என்று 2022-26 ஆண்டுகளுக்கான பேரிடர் நிதி விதிகள் வகுத்திருந்தன. பெரிய கறவை மாடு என்றால் ஒரு குடும்பத்திற்கு மூன்று வரை. இந்தத் தொகை இறந்த விலங்குக்கு மட்டுமே. படுகாயத்தோடு பிழைத்து, பால் வற்றி, வைத்தியச் செலவை இழுத்துக்கொண்டு நிற்கிற மாட்டுக்கு ஈடு கிடையாது. காப்பாற்ற உழைத்தவருக்குக் கையில் ஒன்றுமில்லை, கைவிட்டவருக்குக் காசு என்ற நிலையை இது உண்டாக்குகிறது. காயத்திற்கும் ஒரு தொகை வகுக்க வேண்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டிய விஷயம் இது.

கொட்டாம்பட்டித் தொழுவம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மருத்துவர் வந்து பார்த்துவிட்டார். தொடை கிழிந்த கறவைக்குக் காயத்தைக் கழுவி, செத்த தசையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்தே விட்டிருக்கிறார். தீவனம் எடுக்கத் தொடங்கியிருக்கிறது. மருந்து ஏறும் நாள்களின் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றக் கூடாது, வீட்டிலும் குடிக்கக் கூடாது என்று எச்சரித்தார். கிடாரிக்கு வாலில் உணர்வே இல்லை, இடுப்பெலும்பும் நொறுங்கியிருந்தது. அதன் வீட்டுக்காரர் சம்மதித்து, அது மயக்கத்திலேயே அடங்கிவிட்டது. வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கிடாரிக்குக் காப்பீடு இருக்கிறது. ஆனால் கைபேசியில் பேசிய காப்பீட்டு முகவர், தாமாக இறக்காத மாட்டுக்குப் பணம் வருவது கடினம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார். துக்கத்தில் இருக்கிற மனிதரிடம் தாளைக்கூடப் பார்க்காமல் அப்படிச் சொன்னது எனக்கு மிகுந்த வருத்தம். அதற்கு என்ன செய்வது? புதைப்பதற்கு என்ன முறை?

ஊராட்சியில் பணிபுரிந்தவர் எழுதியது:

காதில் மாட்டியிருக்கிற அடையாள எண் வில்லையைக் கழற்றாதீர்கள். வில்லையோடு சேர்ந்த காதும் முகமும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம், காயம் தெரியும்படி ஒரு படம், விழுந்த கிளையும் தொழுவமும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்ப்பதற்கு முன்பு புதைக்க வேண்டாம். அவரால் வர முடியாத நிலை என்றால், தகவல் கொடுத்ததற்கு எழுத்துவடிவச் சான்று இருக்கட்டும். மருத்துவரின் சான்றிதழில் ‘சூறைக்காற்றில் மரக்கிளை விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது, குணப்படுத்த இயலாத நிலையில் வேதனையைத் தவிர்க்க மருத்துவ முறைப்படி உயிர் நீக்கப்பட்டது’ என்ற வரிசையில் காரணம் முதலில் வரும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே உயிர் நீக்கப்பட்டது என்று மட்டும் இருந்தால் மேலே போகும் கோப்பு அங்கேயே நின்றுவிடும். காப்பீட்டுக்கு எழுத்தில் விண்ணப்பித்து, மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்திலேயே தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சை முடிவாகக் கொள்ள வேண்டாம்.

குழி குறைந்தது ஆறடி ஆழம் வேண்டும். கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் கண்மாய் வரத்துக்காலுக்கும் தள்ளி, மேட்டு நிலத்தில் வெட்டுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய டெல்டா மாவட்டங்களில் இறந்த ஆடுமாடுகளை அப்புறப்படுத்துவதே தனிப் பெரும்பாடாக இருந்தது; நீர் தேங்கிய நிலத்தில் குழி தோண்டினால் குழியே நீரால் நிரம்பிவிடும். மேலும் கீழும் சுண்ணாம்பு தூவி, மண்ணை மேடாகக் குவித்து, முள் வெட்டிப் போட்டுவிடுங்கள்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர், திருமங்கலம் எழுதியது:

முள் போடச் சொன்னது மிகவும் சரி. மயக்க மருந்து ஏறிய உடலை நாய் தோண்டித் தின்றால் நாயும் இறந்துபோகும். இன்னொன்று: காற்றோடு வந்த மழைக்குப் பின் ஒரு மாடு காயமே இல்லாமல் செத்துக் கிடந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருத்த இரத்தம் கசிந்தால், இடி விழுந்தது என்று நீங்களே முடிவு கட்டி அறுத்துப் பார்க்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் பார்க்கும்வரை யாரும் தொடக் கூடாது.

வாடிப்பட்டி ஆட்டுப்பட்டி எழுதியது:

மாட்டைப் பற்றியே பேச்சு போவதால் ஆட்டுக்காக நான் எழுதுகிறேன். எங்கள் பட்டியில் வெள்ளாடும் கச்சைகட்டிக் கருப்புச் செம்மறியும் இருக்கின்றன. கால் முறிந்த ஆட்டை உடனே அறுத்துவிட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள், அது தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே முறிந்து, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வராமல் இருந்தால், வெள்ளாடு மிக நன்றாகத் தேறும். பஞ்சைச் சுற்றி, மூங்கில் சிம்புகளை முறிவுக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் தாண்டி வரும்படி வைத்து, துணியால் கட்டினால் மருத்துவர் மாவுக்கட்டுப் போடும்வரை தாங்கும். கட்டுக்குக் கீழே குளம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் கட்டு இறுக்கம், அவிழ்த்துக் கட்ட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் கட்டைப் பிரிக்கலாம். எங்கள் கருப்பு மறி ஒன்று கட்டோடு மூன்று காலில் நொண்டி வந்து, மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டுத் தொட்டியில் தவிடு தின்னும்.

தொடை எலும்பு முறிந்தாலோ எலும்பு வெளியே நீட்டிக்கொண்டாலோ நிலைமை வேறு. அப்போது அறுப்பது என்று முடிவெடுத்தால் ஊசி எதுவும் போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். மருந்து ஏறிய ஆட்டின் கறியும், நசுங்கித் தானாகச் செத்த ஆட்டின் கறியும் வீட்டுக்கு ஆகாது, விற்கவும் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

குட்டிகளைக் காயம் கொல்வதைவிடக் குளிர் கொல்வது அதிகம். மழையில் நனைந்து நடுங்குகிற குட்டியைக் கோணிச் சாக்கால் அழுத்தித் துடைத்து, வாய்க்குள் விரல் விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் புகட்டாமல் முதலில் சூடேற்றுங்கள். விறைத்த குட்டிக்குப் பால் செரிக்காது, புரையேறவும் கூடும். உடம்பு சூடாகி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு தாயிடம் விடலாம்.

தேனி கால்நடை மருத்துவ மாணவி எழுதியது:

அக்கா சொன்ன குட்டிகள் பற்றிய குறிப்பை எங்கள் வகுப்பிலும் பகிர்ந்துகொள்கிறேன்.

காற்று போன பிறகு சில வாரம் கழித்து வருகிற ஆபத்து ஒன்றை யாரும் குறிப்பிடவில்லை. தகரக் கூரை பறந்த இடங்களில் ஆணி, திருகு, கட்டுக்கம்பித் துண்டு எல்லாம் வைக்கோல் படப்பிலும் மேய்ச்சல் தரையிலும் சிதறிக் கிடக்கும். ஆடு உதட்டால் தேர்ந்து தின்னும். மாடு நாக்கால் சுழற்றி வாரி, மெல்லாமல் விழுங்கிவிடும். விழுங்கிய ஆணி தேன்கூட்டு இரைப்பையில் தங்கி, சுவரைத் துளைத்து, முன்புறம் ஒட்டியிருக்கிற இதயத்தை நோக்கி நகரும். முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது, முன்னங்கால் முட்டியை வெளிப்புறம் விலக்கி வைப்பது, இறக்கத்தில் நடக்கத் தயங்குவது, படுக்கும்போதும் எழும்போதும் முனகுவது, திடீரென்று பால் குறைவது ஆகியவை அடையாளங்கள். தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கிய பிறகு வந்தால் எங்களால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கழியின் நுனியில் கட்டி, கூரை பறந்த இடத்தைச் சுற்றியும் தொழுவத் தரையிலும் துழாவுங்கள். வைக்கோலை உதறிப் போடும்போது ஒவ்வொரு பிடியின் மேலும் அதை ஓட்டுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் இருக்கிற மாட்டுக்கு இரைப்பைக்குள்ளேயே தங்கி ஆணியைப் பிடித்து வைக்கும் காந்தம் உண்டு; விழுங்கச் செய்வதுதான், அறுவை தேவையில்லை. இரும்பு அல்லாத அலுமினியத் துண்டுகளைக் காந்தம் இழுக்காது என்பதால், அவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும்.

கொட்டாம்பட்டித் தொழுவம் எழுதியது:

தங்கை எழுதியதைப் படித்துவிட்டுக் காந்தத்தை ஓட்டிப் பார்த்தோம். கூரை ஆணிகளும் அவற்றோடு வருகிற வளையங்களும் வைக்கோலுக்குள் இவ்வளவு கிடக்கும் என்று நாங்கள் எண்ணவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். காந்தம் இல்லாதவர்கள் எங்களிடம் வந்து வாங்கிப் போகலாம். இரைப்பைக் காந்தம் மதுரையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.